ஏழுமலை பாய்ச்சிய தண்ணீர்

ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் என் கத்தரிச் செடிகள் கணுக்கால் தண்ணீரில் நின்றன.

நான் பாய்ச்சச் சொன்னேனா? இல்லை. பின்னே யார் பாய்ச்சியது?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கால் ஏக்கரைப் பற்றித் தெரியும். ரிட்டயர் ஆன பிஸிக்ஸ் டீச்சர் சும்மா இருக்க மாட்டாமல், 'நம் காய்கறியை நாமே விளைவிப்போம்' என்று வடக்கனந்தல் பக்கம் வாங்கிப் போட்ட துண்டு நிலம் அது. இதுவரை விளைந்ததில் பாதியைப் புழு தின்றது, மீதியை மயில் தின்றது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடுவேன். கடைசி இரண்டு ஞாயிறு மட்டும் போக முடியவில்லை. மிக்ஸி முதல் மின்விசிறி வரை எதையும் நானே பிரித்து நானே மாட்டுகிறவள் என்றும் இங்கே அடிக்கடி பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பீற்றலில் ஒரு ஓட்டை உண்டு — தண்ணீர் என்னுடையது இல்லை. பக்கத்து நிலத்துக்காரி செல்வியின் கிணற்றிலிருந்து வருவது.

செல்விக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ஏழுமலை போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஒன்றரை ஏக்கர் மரவள்ளியை இந்த ஒரு வருடமாகத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அவளுடைய அடுத்த வருடச் சாப்பாடு மொத்தமும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

"என்ன செல்வி, என் பாத்தியெல்லாம் குளமா கெடக்கு? மடையைத் திருப்ப மறந்துட்டியா?"

மண்வெட்டியோடு நின்றவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருடம் கழித்து அன்றுதான் அவள் சிரித்து நான் பார்க்கிறேன்.

"நான் மோட்டாரு போடல டீச்சர். அவுரு போட்டாரு."

"எவரு?"

"இன்னா டீச்சர், தெரியாத மாதிரி கேக்கறீங்க... அவுருதான்."

நல்ல வெயில். இருந்தும் நான் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஏழுமலை போவதற்கு முன் கிணற்றுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருந்தார். நகரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. வீட்டில் படுத்தபடியே பெட்டிக்குப் போன் போட்டால் ரிங் போய்த் தானே கட் ஆகும், மோட்டார் ஓடும். இன்னொரு தடவை போட்டால் நிற்கும். பாம்பு, பூரான் பயமில்லாமல் பாய்ச்சலாம். கண்டவர் நம்பருக்கெல்லாம் அது ஓடாது. பெட்டியில் பதிந்து வைத்த நம்பருக்கு மட்டும்தான் ஓடும். இதில் பதிந்தவை இரண்டே இரண்டு. முதல் நம்பர் ஏழுமலையுடையது, இரண்டாவது செல்வியுடையது.

"தலை திவசம் கும்பிட்டம் இல்ல டீச்சர்? அவுருக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு, பீடி, போனு எல்லாம் வெச்சுப் படைச்சேன். வந்து சாப்ட்டுட்டுப் போ, கொல்லைய ஒரு எட்டு பார்த்துட்டுப் போன்னு அழுதேன். மறுநா காலைல ஆறு மணி... மோட்டாரு ஓடிக்கினு இருக்குது. என் போனு மாடத்துல கெடக்குது. நான் தொடவே இல்ல."

"ஒருநாள் ஏதோ..."

"ஒரு நாளா? இன்னியோட பதினெட்டு நாளு. ஒரு நா தப்பல."

விசாரித்தேன். ஊரே இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அந்த பம்பு செட்டில் காலையில் ஏழெட்டுப் பேர் குளிப்பார்கள். இப்போது ஒருவரும் வருவதில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவர்கள்கூட ஆள் இல்லாமல் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்களாம்.

'பெட்டிக்குள் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளே போனேன். ஐந்தரை மணிக்குக் கொட்டகை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். கல்வராயன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, மரவள்ளி இடுப்பு வரைக்கும் தெரியவில்லை.

செல்வி எனக்கு முன்னாலேயே இருந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். பெட்டியின் மேல் ஒரு டம்ளர் டீ, பக்கத்தில் ஒரு கட்டு பீடி.

"பேசாதீங்க டீச்சர். வர்ற நேரம்."

நின்றோம். ஆறு மணிக்கு மூன்று சின்ன விளக்குகள் — சிவப்பு, மஞ்சள், நீலம் — பெட்டியில் எரிந்தன. விவசாயத்துக்கு விடுகிற த்ரீ-பேஸ் கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் ஓடவில்லை. அரை நிமிடம். ஒரு நிமிடம். நான் மெல்ல மூச்சு விட்டேன். பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்...

டக்.

மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு தடவை காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

முப்பது வருடம் மின்காந்தவியல் நடத்தியவள் நான். சொல்ல வெட்கமாக இருக்கிறது — வாசலைப் பார்த்துத் திரும்பி ஓடத்தான் தோன்றியது. அதை மறைக்கத்தானோ என்னவோ, நேராகப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினேன். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி.

"கைய வெக்காதீங்க டீச்சர். உங்க காலத் தொட்டுக் கேக்கறேன். அவுரு பாய்ச்சறாரு... பாய்ச்சட்டும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் பின்னாலேயே போனாள். அவர் இருந்தபோதும் அப்படித்தான். அவர் மோட்டார் போடுவார், இவள் மடை திருப்புவாள். எதையோ பேசிக்கொண்டே போனாள். என்னிடம் இல்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் மரவள்ளிக்கு இது எதுவும் தெரியாதே. வாரம் ஒரு தண்ணீர் போதுமான பயிருக்குத் தினமும் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? அடுத்த ஞாயிறு நான் போனபோது இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தது. செல்வி ஓரத்துச் செடி ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கிழங்கு கறுத்துக் குழைந்து, நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அவள் அழவில்லை. கிழங்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்... அவுரா இருந்தா கெழங்க அழுவ வுட்டுருக்க மாட்டாரு."

நானும் குனிந்து கிழங்கைப் பார்த்தேன்.

"வெரல மண்ணுல வுட்டுப் பார்த்துட்டுதான் தண்ணி வுடுவாரு. ஈரம் இருந்தா நான் கெஞ்சினாலும் போட மாட்டாரு. இது வேற யாரோ டீச்சர். அவுரு பேர்ல வேற யாரோ வந்து போவுது." எழுந்து என் பக்கம் வந்தாள். "நீங்க பாருங்க. இன்னா வேணா பண்ணுங்க. எனக்கு பயமா இருக்குது."

பேயைச் சந்தேகிக்க எத்தனையோ வழி உண்டு. தண்ணீர் பாய்ச்சத் தெரியாத பேய் என்று சந்தேகித்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கொட்டகைக்குப் போனோம். பெட்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு திரை, கீழே நாலு பட்டன். அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் கடைசியாக வந்த அழைப்பின் நம்பர் திரையில் வந்தது. நான் ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தேன். பாதியிலேயே மீதியை செல்வி சொல்லி முடித்தாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

ஏழுமலையின் நம்பர்.

"அவர் போன் எங்கே?"

"பீரோல. சார்ஜு போட்டே ஒரு வருசம் ஆவுது."

என் போனை எடுத்து அந்த நம்பரைப் போட்டேன். 'ஸ்விட்ச் ஆஃப்' என்று சொல்லப் போகிறது, எல்லாம் பெட்டியின் கோளாறு என்று முடித்துவிடலாம். அதுதான் என் திட்டம்.

ரிங் போனது.

செல்வி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள். காற்று அடிக்கிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல், ரொம்பத் தூரத்திலிருந்து...

"கோயிந்தா... பேசு சாமி. இன்னிக்காவது ஒரு வார்த்தை பேசு சாமி."

நான் போனைக் கட் செய்துவிட்டேன். ஆமாம், செய்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே சரி செய்வேன் என்று எழுதுகிற மகராசி, பயத்தில் கட் செய்தேன்.

பத்து நிமிடம் கழித்து, செல்வி கொண்டு வந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை பேசினேன். அவள் பெயர் சின்னப்பொண்ணு. வெள்ளிமலை தாண்டி ஒரு மலைக் கிராமம். "யாரும்மா நீ? என் புள்ளைய உனக்குத் தெரியுமா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறுநாள் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகிற பஸ்ஸில் நானும் செல்வியும் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தால் நம்பர் செத்துவிடும். செத்த நம்பரைக் கொஞ்ச காலம் கழித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏழுமலையின் நம்பர் அப்படித்தான் மலை ஏறியிருக்கிறது. பெட்டிக்கு இது தெரியுமா? கரண்ட் வந்ததும் முதலாளிக்கு ஒரே ஒரு ரிங் விட்டுத் தகவல் சொல்ல வேண்டும் என்பது அதன் வேலை. இந்த ஒரு வருடமும் அது தினமும் காலையில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

திவசத்துக்கு மறுநாள் ஆள் கிடைத்துவிட்டது. ரிங் வருகிறது. மிஸ்டு கால் வந்தால் நாம் என்ன செய்வோம்? திருப்பிக் கூப்பிடுவோம். அங்கே அவள் திருப்பிக் கூப்பிட, இங்கே மோட்டார் ஓடியிருக்கிறது.

செல்விக்குச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டிய பிறகு, "அப்ப அவுரு வரல," என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஏன்டா கண்டுபிடித்தோம் என்று இருந்தது.

சின்னப்பொண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். தனி ஓட்டு வீடு. வாசலில் ஒரு பலா மரம். அதன் தாழ்ந்த கிளையில் ஒரு துணிப்பை தொங்கியது, பைக்குள் போன். அந்த ஒரு இடத்தில்தான் டவர் கிடைக்குமாம்.

"என் புள்ள குடகுக்கு மொளகு பறிக்கப் போனான். போய் ரெண்டு வருசம் ஆச்சு," என்றாள். "பேசினா காசு போவும்னு ரிங்கு மட்டும் வுடுவான். காலைல ஒரு ரிங்கு வந்து நின்னா 'நான் நல்லா கீறேன்'னு அர்த்தம். நான் திருப்பி ஒரு ரிங்கு வுட்டா 'அம்மாவும் நல்லா கீறேன்'னு அர்த்தம். போன வருசம் ரீசார்ஜு போடாம என் பழைய நம்பரு செத்துப்போச்சும்மா. போன மாசம் வெள்ளிமலை சந்தைல கொட போட்டு உக்காந்துக்கினு ஒருத்தன் சிம்மு வித்தான். வாங்கிப் போட்டேன். மறுநாளே காலைல ரிங்கு வந்துட்டுது! எப்டியோ புது நம்பரக் கண்டுபுடிச்சிட்டான் பாரு."

பெருமையாகச் சிரித்தாள்.

"நான் திருப்பிக் கூப்பிட்டா கட் பண்ணிடறான். அதுக்கப்புறம்தான் நான் பல்லுல தண்ணியே படவுடுவேன்."

சுவரில் கரித்துண்டால் ஒரு நம்பர் எழுதியிருந்தது. போகும்போது மகன் எழுதி வைத்த அவன் நம்பர். போட்டுப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். முடியாது. மகன் நன்றாக இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு இவள் அவனைத் தேடாமலே இருந்துவிட்டால்? அதனால் சொன்னேன். பெட்டி, கரண்ட், ரிங் எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். செல்வியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மோட்டாரு எதுக்கும்மா என்னக் கூப்புடப் போவுது?"

"இல்லம்மா, அது வந்து..."

"தெனமும், மழ பேஞ்சாலும், பனி பேஞ்சாலும், வுடாம ஒருத்தர கூப்புடணும்னா அது பெத்த புள்ளையாத்தான் இருக்கும். மோட்டாருக்கு இன்னா அக்கறை?"

நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். "வுடுங்க டீச்சர்," என்றாள் செல்வி. சின்னப்பொண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இறங்கி வந்ததும் செல்வி செய்த முதல் வேலை — பெட்டியில் 'ஆட்டோ' என்றிருந்த குமிழை 'மேனுவல்' பக்கம் திருப்பியது. இனி யார் கூப்பிட்டாலும் மோட்டார் ஓடாது. ஆனால் முதல் நம்பரை அழிக்க அவள் விடவில்லை. கரண்ட் வந்தால் பெட்டி எப்போதும்போல ஒரு ரிங் விடும். மலையில் அது போய்ச் சேரும். தண்ணீர் வேண்டுமென்றால் செல்வி நேரில் போய், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, கையால் பச்சைப் பட்டனை அமுக்குகிறாள். வாய்க்கால் ஓரத்தில் அழுகியது போக மேட்டுப் பக்கத்துக் கிழங்கு தேறிவிடும் என்கிறாள். நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

சின்னப்பொண்ணு எனக்குக் கொடுத்தது அவள் மகனைக் கூட்டிப்போன மேஸ்திரியின் பெயர் மட்டும். கச்சிராயபாளையத்தில் நாலு பேரைப் பிடித்து, மேஸ்திரியின் நம்பரை வாங்கிப் பேசினேன்.

"கோயிந்தனா? போன ஆடியில எங்க ஆளுங்க செட்ட வுட்டுப் போயிட்டான்மா. வேற செட்டோட, வேற ஊருக்கு. எங்கன்னு தெரியல. நம்பரும் மாத்திட்டான்."

"அம்மாகிட்ட ஏன் பேசறதில்லை?"



"அவங்க அம்மாதான் இல்லியேம்மா?"

"யார் சொன்னது?"

"அவன்தான். அம்மா நம்பருக்கு நடுவுல கொஞ்ச நாள் ரிங்கே போவல. அப்புறம் போச்சு. யாரோ ஒரு ஆளு எடுத்து, அப்டி யாரும் இங்க இல்ல, காலங்காத்தால தொல்ல பண்ணாதன்னு திட்டிட்டாரு. செத்துட்டா போலக்குதுன்னு ரெண்டு நாள் சோறு துன்னாம கெடந்தான். போய்ப் பார்த்துட்டு வாடான்னேன். போய்ப் பார்த்து, இல்லன்னா இன்னாண்ணா பண்றதுன்னான். பயம்மா அவனுக்கு."

"அப்புறம்?"

"அப்புறமும் காலைல அந்த நம்பருக்கு ரிங்கு வுட்டுக்கினுதான் இருந்தான். செத்தவங்க நம்பருக்கு எதுக்குடா வுடறேன்னு கேட்டா, பழகிடுச்சுண்ணான்னான்."

சின்னப்பொண்ணின் அந்தப் பழைய நம்பர் என்ன? அதுதான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிம் மகன் பெயரில் வாங்கியது. ரேஷன் கார்டில் பதிந்திருப்பது மகனின் நம்பர். அவளைக் கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான், அவன் போனில் அது 'அம்மா' என்று இருந்திருக்கும். சிம் கடையில் போய்க் கேட்டேன். "பழைய நம்பரைச் சொல்லுங்க மேடம், கண்டுபிடிச்சுடலாம்," என்றார்கள். நம்பரைக் கண்டுபிடிக்க நம்பர் வேண்டுமாம்.

அவர்களைச் சொல்லி என்ன... வெளியூரில் இருக்கும் என் மகளின் நம்பர் எனக்குத் தெரியுமா? பெயரைத் தொட்டால் பேசுகிறாள், அவ்வளவுதான். போன் இல்லாத இடத்தில் என் நிலைமை சின்னப்பொண்ணைவிட மோசம். அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி, இரண்டு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். இந்த வயதில் பத்து எண் மண்டையில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனி இதை ரிப்பேர் செய்ய என்னிடம் இருப்பது இந்தப் பத்தி ஒன்றுதான். அதனால் கேட்கிறேன். உங்களில் யாராவது போன வருடம் புது நம்பர் வாங்கினீர்களா? விடியற்காலையில், தெரியாத நம்பரிலிருந்து, ஒரே ஒரு ரிங் வந்து நின்றுவிடுகிறதா?

எரிச்சலாகத்தான் இருக்கும். பிளாக் செய்யாதீர்கள். திருப்பிக் கூப்பிட்டு, "கோவிந்தனா?" என்று கேளுங்கள்... ஆமாம் என்றால், உங்க அம்மா உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.